அண்ணன் மேட்டில் தூவிய பயறு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். லேபில் கோதுமை. பெரிய பவரில் மைக்ரோவேவில் உலர்த்திப் பார்த்தோம். சீக்கிரம் காய்ந்தது, பார்க்க நல்ல மணி. அரைத்துப் பிசைந்தால் மாவு இழுபடவில்லை, உதிர்கிறது. சூட்டில் புரதம் போச்சு. மேடம் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் ஸ்ரீராம்புரம், அண்ணி வீடு. அண்ணி இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அண்ணனைப் புதைத்த மறுநாள் பால் ஊற்றி நவதானியம் தூவினோமே, ஒன்றுகூட முளைக்கவில்லை. இடுகாட்டுக் காவலாளி போனில் "ஏனூ பந்தில்லம்மா" என்றாராம், ஒன்றும் வரவில்லை என்று. பக்கத்து வீட்டு சரோஜாக்கா வேறு: "மனசு ஆறாம போன உசுருன்னா அப்படித்தான்." சும்மா இருந்தால் என்ன அவளுக்கு.

அண்ணி சுவரைப் பார்த்தபடி, "அவர் போன அன்னிக்குக் காலையில 'போய்த் தொலை'ன்னேன் திவ்யா. அதான் கோவம் அவருக்கு."

ஜூலை 9, புதன்

பஸ்ஸில் சட்டென்று உறைத்தது. அன்று தூவிய பயறும் நெல்லும் லேபில் மீந்தவை. நான்தான் கொண்டுபோனேன். மைக்ரோவேவில் வெந்த விதை எப்படி முளைக்கும்?

வேலை முடிந்து நேரே அண்ணியிடம். "அது செத்த விதை அண்ணி. பால் திரியற மாதிரி விதைக்குள்ள புரதம் திரிஞ்சிடும், வெளிய தெரியாது. அண்ணனுக்கு ஒரு கோவமும் இல்ல."

"நெஜமாவா?"

"என் வேலையே அதுதானே."

இரண்டு தோசை சாப்பிட்டாள். அழுதாள். நானும்.

ஜூலை 10, வியாழன்

குடை தொலைந்தது. அம்மாவுக்கு மாத்திரை, சீயக்காய் வாங்க வேண்டும்.

அன்று விதை கொண்டுபோன பையில் கொஞ்சம் மீதி. ஈரத் துணியில் போட்டு வைத்தேன். முளைக்காததை அண்ணிக்குக் காட்டலாம்.

ஜூலை 12, சனி

அத்தனையும் முளைத்திருக்கிறது. நெல்கூட.

பையின் லேபிளைப் பார்த்தேன். நிழலில் உலர்த்தியது. மைக்ரோவேவ் பக்கமே போகாத விதை.

அண்ணன் மேட்டில் தூவியதைப் புறா தின்றிருக்கும். எறும்பு. மழை அடித்துப் போயிருக்கும். எல்லாம் சரிதான், மனசு கேட்கவில்லை. துணியோடு சுருட்டிக் குப்பையில் போட்டேன். யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயம்.

மதியம் அண்ணி போன். "நல்ல விதையா எடுத்து வை. நாளைக்கு நாமளே போய்த் தூவிட்டு வரலாம்." குரலில் தெம்பு. சரி என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டிருந்தது. கடையில் புதுப் பயறு வாங்கினேன். இடுகாட்டில் அண்ணியே தூவினாள், மண்ணைத் தட்டிவிட்டாள்.

"எப்ப முளைக்கும்?"

"மூணு நாள் அண்ணி."

தண்ணீர் பிடிக்கக் குழாய்ப் பக்கம் போனாள். நான் மேட்டருகில் குனிந்தேன். வாய்விட்டே சொன்னேன்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணாவது முளைக்கட்டும். அண்ணி பாவம்."