போகிறவள் கொடுக்கும் வாளி

என் அருமைத் தோழிக்கு,

இன்று காலை நைட் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து சுங்குவார்சத்திரத்தில் இறங்கி விடுதிக்கு வந்தால், என் கட்டிலருகே ஒரு நீல வாளி. உள்ளே ஒரு பிளாஸ்டிக் மக்கும், மடித்த போர்வையும். பக்கத்துக் கட்டில் பவித்ரா சிரித்தபடி, "இத நீங்களே வச்சிக்கங்கக்கா" என்றாள். நின்றபடியே தூங்கிவிடும் அளவுக்கு அலுப்பு எனக்கு. ஆனாலும் அந்த வாளியைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்து தூக்கத்தைக் கலைத்துவிட்டது.

நம் விடுதி வழக்கம் உனக்குத் தெரியாததா? வேலையை விட்டுப் போகிறவள் வாளியையும் பாயையும் இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போவாள். அதையெல்லாம் ஊர் பஸ்ஸில் யார் தூக்கிக்கொண்டு போவது? வாங்கிக்கொள்பவர்கள் கல்யாணமா என்று கேலி செய்வார்கள், பிரியாணி கேட்பார்கள். முன்பொரு நாள் நான் என் சாமான்களைக் கொடுத்தபோதும் அதுதான் நடந்தது. ஒருத்தி தலையணையை எடுத்துக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பாசக்காரிகள்தான். அப்போது கொஞ்ச நாளாக நான் சரியாகச் சாப்பிடாததும், ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்காததும் அவர்களுக்குத் தெரியும். ஷிஃப்ட் மாறிய அலுப்பு என்று நினைத்தார்கள். இங்கே யார் முகம்தான் தெளிவாக இருக்கிறது?

நீ மட்டும் என் கழுத்தைப் பார்த்தாய்.

"வேலைய வுட்டவ ஐடி கார்ட குடுத்துட்டுல்ல வருவா? உன்னுது கழுத்துலயே கீது. எங்கடி போற நீ?"

ஏதோ சொல்லி மழுப்பினேன். நீ விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "செத்துடலாம்னு நெனைக்கிறியாடி?" என்று நேராகவே கேட்டாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன்னைத் திட்டினேன். திட்டிக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அழுது முடித்துவிட்டு, ஆமாம் என்றேன்.

விஷயம் தெரிந்ததும் வார்டன் அக்கா உன்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "அப்டில்லாம் வாய்விட்டுக் கேப்பாங்களா? இல்லாத நெனப்பயும் நீயே உண்டாக்கிடுவ போல."

"கேக்காதப்பவே வந்துச்சேக்கா" என்றாய் நீ.

அதுதான் உண்மை. நீ கேட்டதால் எனக்குள் எதுவும் புதிதாக முளைக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை, தனியாகச் சுமந்ததை, இன்னொருத்தி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். அந்த அளவுக்கு மூச்சு விட முடிந்தது.

ஏன் அப்படி ஆனேன் என்று இப்போது கேட்டாலும் ஒரே காரணமாகச் சொல்ல வராது. தூக்கமில்லை, கம்பெனி லைனில் சூப்பர்வைசரின் வசவு, ஊரில் அப்பாவோடு பேச்சில்லை, இதெல்லாம் போக, பெயர் சொல்லத் தெரியாத ஒரு பாரம். நீ காரணம் கேட்டுக் குடையவில்லை. "உனக்கு இன்னா கொறை" என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தாய். என்னிடம் சொல்லிவிட்டே என் அண்ணனுக்குப் போன் போட்டாய். அவனோடு என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், சீட்டு போடும் இடத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி, "மனசுக்குப் பாக்குற டாக்டரு எந்த ரூம்ல கீறாரு?" என்றாய். எனக்கு மானம் போயிற்று. "காலு ஒடஞ்சா மட்டும் சத்தமா கேக்கலாமா?" என்று என்னையே அதட்டினாய்.

மாத்திரையிலும் டாக்டரிடம் பேசியதிலும் மெதுவாகத்தான் சரியானது. நடுவில் மறுபடி சறுக்கினேன். அப்போதும் நீ சலித்துக்கொள்ளவில்லை. என்னை இப்படிப் பிடித்து நிறுத்திய உன்னை, கடைசியில் ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. செய்யாறு பக்கம் உன் ஊருக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று பவித்ராவிடம் நானும் கேட்டேன். வேலையை விட்டதாக அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முதலில், "இன்னாக்கா, காலைலயே இப்டி பேசுறீங்க" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்லக் கரைந்தது.

"ஆமாக்கா. முடியல" என்றாள்.

அவளிடம் சொல்லிவிட்டு அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். பஸ் ஏறிவிட்டார். வந்ததும் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பவித்ரா என் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவள் தலை அசையாமல், போனில் இதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கண் எரிகிறது. இந்தச் சாலை நெடுக எத்தனை விடுதிகள், எத்தனை கட்டில்கள். எல்லா இடத்திலும் யார் போய்க் கேட்பது என்று நினைத்தால் இன்னும் அலுப்பாக இருக்கிறது.

நீ பயமே இல்லாதவள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உனக்கும் அன்றைக்குப் பயமாகத்தான் இருந்திருக்கும், இல்லையா? அந்தப் பயத்தோடேயே கேட்டிருக்கிறாய். நானும் கேட்டுவிட்டேன்டி.