சார்ஜர் கோப்பில் நான் எழுதிய நான்கு குறிப்புகள்

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து தூறல். மக்கள் தினம், விண்ணப்பத்தோடு எல்லோரும் வரும் நாள். பிரதேச சபை முழுக்கக் குடையும் ஈரச் செருப்பும். மின்விசிறி மறுபடியும் வேலைநிறுத்தம்.

இப்போது வரும் விண்ணப்பங்களில் பாதி மின்சாரக் கார் சார்ஜர். எல்லோருக்கும் திடீரென்று வாசலில் ஒன்று வேண்டும். அதற்குமுன் வாகனம் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் வரைபடத்தில் இருக்கும், தரையில் இருக்காது.

பதினொரு மணிக்கு ஒரு கோப்பு. பிலிமத்தலாவை, பிரதான வீதி, கராஜ். பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். ரிஸ்வான். (இனி ரி.) தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே கெலிஓயா பஸ். இருபத்திரண்டு வருடம். தலை நரைத்துவிட்டது, சிரிப்பு அப்படியே.

"சுமதி தானே?" என்றான் மெதுவாக. பின்னால் நின்றவர்கள் முண்டியதும் "மிஸ்" ஆகிவிட்டேன்.

கோப்பில் ஒரு பிழை, உண்மையான பிழை. கராஜுக்கு மூன்று தரிப்பிடம் வேண்டும். சார்ஜர் இடத்தையும் சேர்த்து மூன்று காட்டியிருந்தான். செல்லாது, அது நாலாவதாக இருக்கவேண்டும். குறிப்பு 1.

"எப்ப வரட்டும் மிஸ்?"

"அடுத்த புதன் வாங்க."

மற்ற நாளிலும் வரலாம். புதன் என்றால் நான் வெளியே போகாமல் மேசையில் இருப்பேன்.

வாங்கவேண்டியது: பருப்பு, சவர்க்காரம், தலைவலிக் குளிசை.

ஜூன் 7, சனி

ஹஜ் பெருநாள். கெலிஓயாவில் பாதிக் கடை பூட்டு, பள்ளிவாசல் பக்கமெல்லாம் புதுச் சட்டை. நாற்பத்து மூன்று வயதில், ஒரு சார்ஜர் விண்ணப்பதாரர் இன்று என்ன நிறத்தில் உடுத்தியிருப்பார் என்று யோசித்தபடி பாண் வாங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் யோசித்தேன்.

அவன் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் நடக்காத காரியம் என்று அன்றே இருவருக்கும் தெரியும். அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டில் அடி விழுந்திருக்கும், அழுதிருப்பேன், முடிந்திருக்கும். சொல்லாததால் முடியவே இல்லை.

ஜூன் 11, புதன்

மழை. ரி. வந்தான், கையில் ஒரு பெட்டி வட்டலப்பம். "வைஃப் தந்த. பெருநாளைக்கு செஞ்சது." நல்ல ருசி. அதுதான் கவலை.

நாலாவது இடம் காட்டியிருந்தான், சரியாகவே. குறிப்பு 2: வாகனம் வளவுக்குள்ளேயே திரும்பி, பின்னால் எடுக்காமல் முன்பக்கமாக வீதிக்கு ஏற முடியுமா என்று நேரில் பார்க்கவேண்டும். நியாயமான கேள்வி. நேரில் நான்தான் போகவேண்டும் என்பதும் நியாயம்.

அவன் சொன்னது: அந்தப் பக்கத்து ட்ரான்ஸ்ஃபோமர் சின்னது. இன்னும் ஒரு பெரிய சார்ஜர்தான் தாங்குமாம். "கரண்ட் ஒபீஸுக்கு அனுமதிக் கடிதத்தோட யார் முந்தி வாராங்களோ அவங்களுக்குத்தானாம் மிஸ். மெஷின் வந்து பெட்டியோட ஈக்கி. எஞ்சின் வேல கொறஞ்சி போச்சி. இது வந்தாத்தான் கராஜ் ஓடும்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். 'இருக்கு' என்பது அவன் வாயில் இன்னும் 'ஈக்கி'தான். அவன் நகத்தோரத்தில் கிரீஸ். கல்லூரி நாட்களில் அதே இடத்தில் படம் கீறும் மை இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு பேக்கரி முதலாளி. அவருக்கும் சார்ஜர். முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மகன் ஆஸ்திரேலியாவில் காலையில் என்ன சாப்பிடுகிறான் என்பது வரை சொன்னார். வளவு பெரியது, படம் சுத்தம். இவர் எழுந்து போனால் போதும் என்று மத்தியானமே போய்ப் பார்த்து, மாலைக்குள் கையெழுத்துக்கு வைத்துவிட்டேன்.

ரி.யின் கராஜிலிருந்து நாலு கடை தள்ளித்தான் பேக்கரி. ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஆளைக் காணோம்.

ஜூன் 17, செவ்வாய்

கராஜ். அளவு நாடாவின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை என் கையில்.

"இங்க புடிக்கட்டா?"

"இன்னும் கொஞ்சம் சுவரோட ஒட்டி."

சர்வே பயிற்சியில் அவன் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் லெவல் தொலைநோக்கியில் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். பழைய கருவி, ஆள் தலைகீழாகத் தெரிவான். அப்படியே நெடுநேரம் பார்ப்பேன். அளவெடுக்கிறேன் என்று படிப்பித்த சேர் நினைத்தார்.

கராஜில் ஒரு காரைத் திருப்பிக் காட்டினான். தாராளமாகத் திரும்பியது. எல்லாம் சரி. வந்ததும் அனுமதிக்கு எழுதியிருக்கவேண்டும். எழுதியது குறிப்பு 3: வாகனம் செல்லும் திசைகளை அம்புக்குறியால் காட்டவும்.

அம்புக்குறி எந்த விதியிலும் இல்லை. இந்தக் கொப்பியை என்னைத் தவிர யாரும் வாசிக்கப்போவதில்லை, ஆகவே எழுதிவைக்கிறேன். அவன் இன்னொருமுறை வரவேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 18, புதன்

வரவில்லை. குறிப்பு 3 கடிதம் இன்றுதான் தபாலுக்குப் போனது, எப்படி வருவான். தெரிந்தும் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தியிருந்தேன். பக்கத்து மேசை மல்காந்தி: "இன்னைக்கு என்ன, கல்யாண வீடா?" மத்தியானம் சேலையில் தேத்தண்ணீர் கொட்டியது. நல்லதுதான்.

ஜூன் 25, புதன்

வெயில். ரி., அம்புக்குறிகளோடு. தானே கீறினதாம், சிவப்பில். வகுப்பில் அவன் கோடுதான் எப்போதும் நேர். பழைய பஸ்ஸைப் பற்றிப் பேசினோம். கண்டக்டர் எங்கள் இருவருக்கும் ஒரு டிக்கட்டைக் கிழித்துத் தருவாரே, அது அவனுக்கும் நினைவிருக்கிறது. பத்து நிமிடம். வரிசையில் முணுமுணுப்பு.

அவன் எழுந்ததும் மல்காந்தி சிரித்தாள். "உங்க ஆளுக்கு இன்னும் முடிச்சு குடுக்கல்லயா? பேக்கரி மாத்தயாவுக்கு ஒரு நாள்ல குடுத்தது தானே."

அவனைத் திருப்பிக் கூப்பிட்டேன். குறிப்பு 4: அம்புகளின் நிறத்துக்கு விளக்கப் பட்டியல் இணைக்கவும்.

"அடுத்த புதன்?" என்றான் அவனாகவே.

"ம்."

இதுவும் எந்த விதியிலும் இல்லை. அதையும் குறித்துவைக்கவேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு மதில் தகராறைப் பார்க்கப் போனோம். பிலிமத்தலாவையில் வாகன நெரிசல். பேக்கரி முன்னால் லொறி, தூணில் ஏணி, ஏணியில் ஆள். வளவுக்குள் தடித்த கேபிள் இழுக்கிறார்கள். முதலாளி எனக்குக் கை காட்டினார், பணிஸ் சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

அப்போதுதான் உறைத்தது. இறங்கி, இன்னொரு சார்ஜர் தாங்குமா என்று ஏணிக்காரனிடம் கேட்டேன். "இந்த ட்ரான்ஸ்ஃபோமர்ல இனி ஏலாது மிஸ். இதோட சரி."

பேக்கரிக் கடிதத்தை அவசரமாகக் கொடுத்தது நான். அவர் பேச்சைக் கேட்க ஆசையில்லை, அதனால் கொடுத்தேன். ரி.யின் பேச்சைக் கேட்க ஆசை, அதனால் அவனுக்குக் கொடுக்கவில்லை. ட்ரான்ஸ்ஃபோமர் விஷயத்தை அவன் என்னிடம்தான் சொன்னான். என் முகத்துக்கு நேரே சொன்னான்.

திரும்பிவந்து அவன் கோப்பில் அனுமதிக்கு எழுதினேன். இரண்டு வரி. எதற்கு.

ஜூலை 2, புதன்

ரி. வந்தான். கையில் படம் இல்லை, ஒரு கடிதம் மட்டும். விண்ணப்பத்தை மீளப்பெறுகிறானாம்.

"மெஷின திருப்பிக் குடுக்கிறேன் மிஸ். கராஜையும் மூடுறதுதான். மச்சான் கட்டார்ல ஈக்கிறார், வரச் சொல்றார்." பிறகு, "நீங்க பொறுமையா பாத்ததுக்கு நன்றி. வேற ஒபீஸ்ல எல்லாம் முகத்தையே பாக்க மாட்டாங்க" என்றான்.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அந்த அம்புக்குறி தேவையே இல்ல ரிஸ்வான். பட்டியலும் தேவையில்ல. நீங்க வரணும்னுதான் எழுதினேன்."

பின்னால் வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். மல்காந்தி தட்டச்சை நிறுத்திவிட்டாள்.

கத்துவான் என்று இருந்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கோப்பைத் தன் பக்கம் திருப்பி நான்கு குறிப்பையும் ஒவ்வொன்றாக வாசித்தான். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், விண்ணப்பத்தில் தன் பெயருக்குக் கீழே இருந்த தொலைபேசி இலக்கத்தில் விரலை வைத்தான்.

"நம்பர் இதுல ஈந்திச்சே. ஒரு கோல் எடுத்தீந்தா வந்தீப்பேனே."

மல்காந்தி அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து, வந்தவருக்குக் கதிரையை விட்டுக்கொடுத்தான்.