மச்சானை எண்ணாத விண்ணப்பம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிப்பதை, ரம்பத்தில் வெட்டுப்பட்ட உன் கையிலிருந்தே தொடங்குகிறேன். கட்டுப் பிரித்தாயிற்றா? நடுவிரலும் மோதிர விரலும் மடங்குகின்றனவா? நீ போய்த் தங்கியிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டு அண்ணியிடம் கேட்டால், "நல்லா சாப்பிடுறார்" என்கிறாள். நான் கேட்டது வாயைப் பற்றி இல்லை. நீ என் போனை எடுப்பதில்லை; அதனால்தான் இந்தக் கடிதம்.

அத்தான் மேல் உனக்குள்ள கோபம் நியாயமானது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று, "அலமாரி பார்க்க வந்த கஸ்டமர்னு சொல்லிடு மச்சான்" என்று அவர் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நம் மரப் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் ரம்பத்துக்கு முன்னால் நின்றவனை ஒரே பேச்சில் வெளியாளாக்கிவிட்டோம்.

அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பட்டறைக்கு இரண்டு பாலிசி இருக்கின்றன. நம்மால் வெளியாள் யாருக்காவது அடிபட்டாலோ, அவர் பொருள் சேதமானாலோ ஒன்று. நம் தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால், சிகிச்சைக்கும் வேலைக்கு வர முடியாத நாட்களின் சம்பளத்துக்கும் இன்னொன்று. இந்த இரண்டாவது விண்ணப்பத்தில், ஆட்கள் எத்தனை என்ற இடத்தில் அத்தான் நாலு என்று எழுதியிருக்கிறார். நீ அதில் இல்லை. ஏன் என்று கேட்டேன். "உன் தம்பியைப் போய் வேலையாள்னு எழுதினா வீட்டுல எனக்குச் சோறு கிடைக்குமா?" என்கிறார். மரியாதை செய்கிறேன் என்று ஆளையே காணாமல் போக்கிவிட்டார்! அடிபட்டதும் பயந்துபோய், தொழிலாளி இல்லையென்றால் வாடிக்கையாளராக்கி முதல் பாலிசியில் பணம் வாங்கிவிடலாம் என்று குறுக்கே யோசித்துவிட்டார்.

நீ கோபித்துக்கொண்டு கிளம்பிப் போன மூன்றாம் நாள் அவராகவே உட்கார்ந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினார். அடிபட்டவர் என் தொழிலாளி, எண்ணிக்கையில் விட்டது என் பிழை என்று இரண்டே வரி. "அவங்க தரலைன்னா மெஷினை வித்தாவது பார்த்துக்கிறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை விசாரிக்க ஓர் அதிகாரி அம்மா வந்தார். சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். பாலிஷ்காரர் இருக்கிறாரே, நம் 'வார்னிஷ்', அவர் பட்டென்று சொல்லியிருக்கிறார்: "அவர் தொழிலாளி இல்லைன்னா நாங்க யாருமே இல்லைங்க, மேடம். காலையில கதவைத் திறக்கிறதே அவர்தான். முதலாளி வர்றது டீக்குத்தான்." அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு சம்பளப் பதிவைக் கேட்டார். அதை எழுதுவது நான்தானே. பிரீமியம் போடுவது தலையை எண்ணி இல்லையாம், மொத்தச் சம்பளத்தை வைத்தாம். நான் வருஷா வருஷம் உன் சம்பளத்தையும் சேர்த்தே கூட்டிக் கொடுத்திருக்கிறேன். "அஞ்சு பேருக்குக் கட்டிட்டு நாலு பேர்னு எழுதியிருக்கீங்க. ஏமாத்துறவங்க இதைத் தலைகீழாத்தான் செய்வாங்க" என்றார். சிகிச்சைச் செலவை ஏற்கும்படி பரிந்துரைக்கிறாராம். விரல்களுக்கான இழப்பீடு, மருத்துவர் சான்றையும் உன் வாக்குமூலத்தையும் பார்த்த பிறகு. இன்னும் முடிவாகவில்லை. இருந்தாலும் அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். 'விபத்து எப்படி நடந்தது' என்ற கேள்விக்கு அரைப் பக்கம் விட்டிருக்கிறார்கள். தடித்த பலகை உள்ளே போகவில்லை என்று அன்று காலை ரம்பத்தின் காப்பு மூடியைக் கழற்றியவர் அத்தான். தவறு யாருடையது என்று பார்த்து உனக்கு வரவேண்டியதைக் குறைக்க மாட்டார்களாம். ஆனால் பட்டறைக்கு அபராதம் வரலாம். அத்தானிடம் சொன்னேன். "உள்ளதை எழுதட்டும்" என்றார்.

உன்னை எனக்குத் தெரியும். அக்கா முகத்துக்காக அந்த ஒரு வரியை நீ விழுங்கிவிடுவாய். வேண்டாம் தம்பி. இடது கையால் எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை, ஒன்றையும் விடாமல் எழுது. எழுதியதைத் தபாலில் போட்டுவிடாதே. நீயே கொண்டு வா.

உன் கை சீக்கிரம் தேறட்டும்.

வழி பார்த்திருக்கும்
அக்கா