விடாத பிடி

ஜூலை 9, புதன்

இந்திய ரக்பி அணியின் வெளிநாட்டுப் பயணத்துக்கு இளம் வீரர்களை எடுத்துவிட்டார்கள். என்னோடு பாலிடெக்னிக் படித்த இசக்கி போகிறான். நான் இல்லை.

தேர்வாளரிடம் போனில் காரணம் கேட்டேன். மழுப்பாமல் சொன்னார். ரக்பியில் ஆளைச் சாய்த்ததும் பிடியை விட்டுவிட வேண்டும். சின்ன வயதிலிருந்து கபடி ஆடிய கை, சாய்த்த பிறகுதான் இன்னும் இறுக்குகிறது. விதி எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் இசக்கி என்னை ஐந்தருவிக்கு இழுத்துப் போனான். "மூஞ்சிய இப்படி வச்சிருந்தா அருவியே வத்திரும்லே" என்றான். தண்ணீர் தலையில் அடித்தது. ஒன்றும் உறைக்கவில்லை.

பாசியில் அவனுக்குக் கால் வழுக்கியது. மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடுலே, அதான் நின்னுட்டேம்லா."

கடைசியில் என் விரல்களை ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்தான்.