மார்வினா கப்பலின் துண்டுகள்

மார்ச் 3, 1975 – திங்கள்

காரோடு ஊரிலிருந்து ஒரு துபாய்க்காரன் வெளுக்கத் துணி கொண்டுவந்தான். ஊருக்கு வந்து நாலு நாள்தானாம். மூன்று டெர்லின் சட்டை, ஒரு பெல்பாட்டம், எல்லாவற்றிலும் அத்தர் வாசனை குப்பென்று. கூலி வேண்டாம், நீ வந்த மார்வினா கப்பலிலிருந்து எடுத்த சாமான் ஏதாவது இருந்தால் தா என்றேன். அவனுக்குச் சிரிப்பு. ஊரில் என் பேரே 'கப்பல் பாமா' என்று ஆகிவிட்டது, அவனிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள். ஒரு ஸ்பூனை நீட்டினான். காம்பில் கப்பலின் பேர் வெட்டியிருக்கிறது.

வாங்கித் தகரப்பெட்டியில் போட்டேன். இதோடு ஸ்பூன் ஆறு, சாம்பல் கிண்ணம் இரண்டு, சாப்பாட்டு அட்டை ஒன்று, கட்டிலில் அடித்திருந்த பித்தளைத் தகடு ஒன்று. யுத்த காலத்தில் அந்தக் கப்பலில் பட்டாளம் ஏற்றினார்களாம். தகட்டின் பின்பக்கம் யாரோ வெள்ளைக்காரப் பட்டாளக்காரர்கள் ஆணியால் பேர் கீறியிருக்கிறார்கள். பள்ளிக்கூட சார் ஒருவர் சரித்திரம், சரித்திரம் என்று இரண்டு தடவை வந்து விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை.

எனக்கு வேண்டியது ஸ்பூனும் இல்லை, தகடும் இல்லை. கப்பலில் துவட்டக் கொடுக்கிற துண்டு. இன்று ஸ்பூன் கொடுத்தவன் நாளைக்குத் துண்டு வைத்திருக்கிறவனை அனுப்புவான், அதற்காக எல்லாவற்றையும் வாங்கி வைக்கிறேன்.

மார்ச் 9 – ஞாயிறு

மழை மூட்டம். துணி காயவில்லை. பெட்டியைத் திறந்து துண்டுகளை எண்ணினேன். ஒன்பது.

தம்பி சதானந்தன் போய் ஏழு வருஷம். பம்பாயில் மார்வினாவில் ஏறினான், துபாய்க்கு. அங்கே இறங்கவில்லை. 'கப்பலிலேயே துணி வெளுக்கிற வேலை கிடைத்தது, நம் வேலைதானே' என்று எழுபதில் ஒரு கடிதம் போட்டான். அதுதான் கடைசி. பிறகு எழுபத்திரண்டில் ஒருவன் தலையில் கட்டிக்கொண்டு வந்த கப்பல் துண்டை வெளுக்கப் போட்டான். ஓரத்தைத் திருப்பினால், வெளுக்கிற துணிக்கு எங்கள் வீட்டில் போடுகிற குறி. சேராங்கொட்டை மையில், இரண்டு புள்ளி, அடியில் வால் வைத்த ஒரு கோடு. நான் போட்டால் வால் வலது பக்கம் போகும். அவன் பீச்சாங்கைக்காரன், அவன் போட்டால் இடது பக்கம் போகும். அந்த வாலைப் பார்த்து நான் துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பழைய துண்டா இருக்கும் அக்கா. சேராங்கொட்டைக் குறி அழியுமா?" என்று அம்மிணி சொல்வாள். அவன் பெண்டாட்டிதான் இப்படிப் பேசுகிறாள்! எனக்கா அது தெரியாது? துணியைத் தொட்டால் எத்தனை வெளுப்பு கண்டது என்று சொல்லிவிடுவேன். இந்த ஒன்பதில் மூன்று, இருபது வெளுப்புகூடக் காணாத துணி. புதுத் துணியில் குறி போட ஆள் உயிரோடு இருக்க வேண்டாமா?

ஏப்ரல் 17 – வியாழன்

நெய்யாற்றின்கரை நில ஆபீசுக்கு நானும் அம்மிணியும் போனோம். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்கிற குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் என்று சட்டம் வந்து, ஊரில் பாதிப் பேர் வேலி கட்டியாகிவிட்டது. எங்களுடையது மட்டும் இழுக்கிறது. நிலத்துக்காரர் வக்கீல் வைத்து, குடிகிடப்புக்காரன் ஊரைவிட்டே போய்விட்டான், ஆளே இல்லாதவனுக்கு எதற்கு நிலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தப்பு என்னுடையதுதான். அன்றைக்கு ரிஜிஸ்டர் எழுத வந்தவர்கள் வீடு யார் பேரில் என்று கேட்டபோது, ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் பொம்பளை பேரையா சொல்வது என்று, 'சதானந்தன்' என்று பெருமையாகச் சொன்னேன்.

கிளார்க் ஜெயதாஸ் நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணு அவரு நேர்ல வந்து ஒப்புப் போடணும். இல்லேன்னா ஆளு மரிச்சுப் போச்சுன்னு இவங்க எழுதித் தரணும், அவகாசி, வாரிசு நான்தான்னு. அயல்காரங்க ரெண்டு பேரு சாட்சி போட்டா மதி, அது போதும். செப்டம்பர் முப்பதாம் தேதி வரை டைம் உண்டு."

அம்மிணி அதை எழுதிக் கொடுக்கிற அச்சு பாரத்தை வாங்க எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஏப்ரல் 18 – வெள்ளி

காலையிலிருந்து சண்டை.

"ஒரு பேப்பர்ல எழுதினா மனுஷன் செத்தா போவாரு? வந்தா வரட்டு. அப்ப நாம நம்ம மண்ணுல நிப்போம்லா" என்கிறாள்.

எழுதினால் நீ தாலியைக் கழற்ற வேண்டும், ஊர் கேட்கும் என்றேன்.

"கழத்தினா கழத்தினது. தாலி கெட்டினவருகூட இருந்தது ஆறு மாசம். இந்தக் கூரைக்க கீழ இருந்தது ஏழர வருசமாக்கும்."

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். உயிரோடு இருக்கிறவனைக் கொன்று பத்து சென்ட் வாங்கித் தின்பதா? தூ!

ஜூன் 11 – புதன்

ஒரு வாரமாக வெயில் இல்லை. வெள்ளாவி வைத்த துணியெல்லாம் நாறுகிறது. அம்மிணி என்னோடு பேசி நாலு நாள்.

ஜூலை 20 – ஞாயிறு

பனச்சமூடு சந்தையில் கேள்விப்பட்டேன். மார்வினாவை உடைக்கப் போகிறார்களாம்! எல்லோரும் விமானத்தில் போகத் தொடங்கிவிட்டார்கள், கிழட்டுக் கப்பல் யாருக்கு வேண்டும்? அக்டோபரில் கடைசி ஓட்டம். வருகிறவன் போகிறவன் எல்லாம் நினைவுக்கு என்று கைப்பிடி, குழாய், கண்ணாடி என்று கழற்றிக்கொண்டு வருகிறானாம்.

கப்பல் இல்லையென்றால் அவன் எங்கே போவான்? இங்கேதான் வர வேண்டும். செப்டம்பர் முப்பதுக்கு ஒரு மாதம் பிந்தினால் என்ன, ஜெயதாஸின் காலில் விழுந்து கேட்கலாம். ஆளையே கொண்டுபோய் நிறுத்தினால் யார் மாட்டேன் என்பார்கள்?

அம்மிணியிடம் சொன்னேன். "சரி அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 21 – ஞாயிறு

துண்டு கிடைத்தது. பத்தாவது. வெள்ளறடை ஊரிலிருந்து ஒருவன் வந்து கொடுத்தான், போன மாத ஓட்டத்தில் எடுத்ததாம். ஐந்து வெளுப்பு கண்டிருந்தால் அதிகம். கஞ்சிகூட முழுக்கப் போகவில்லை. குறி உண்டு. வால் இடது பக்கம்.

இருக்கிறான். இருக்கிறான். என் தம்பி இருக்கிறான்.

செப்டம்பர் 28 – ஞாயிறு

அம்மிணி எனக்குத் தெரியாமல் நெய்யாற்றின்கரைக்குப் போய் பாரம் வாங்கி வந்திருக்கிறாள். அயல்வீட்டு ஓமனக்குட்டியும் ரோசம்மாவும் சாட்சி ஒப்புப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பேரும் தினம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள். இவள் ஒப்பும் இருக்கிறது. நாளைக்குக் கொடுப்பதாக அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள்.

புதுத் துண்டை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன். "பாருட்டீ, இது செத்தவன் போட்ட குறியா?" பார்க்கவில்லை. "அக்கா, அந்த பாரத்த தா, நாளைக்கு விட்டா மறுநாளோட தீந்துது" என்று என் காலைப் பிடித்தாள். பாரத்தை வெள்ளாவி அடுப்பில் போட்டேன்.

போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன்.

செப்டம்பர் 30 – செவ்வாய்

தேதி போயிற்று.

நவம்பர் 9 – ஞாயிறு

திருப்புறத்திலிருந்து யோசுவா என்று ஒருவன் வந்தான். மார்வினாவின் கடைசி ஓட்டத்தில் வந்தவன். முப்பது வயசு இருக்கும். கப்பலில் துணி வெளுக்கிற வேலைதானாம். கப்பல் துண்டு ஒரு அடுக்கே கொண்டுவந்திருந்தான், என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு. எல்லாவற்றிலும் எங்கள் குறி.

"இது போட்டவன் எங்க? உங்ககூட இறங்கினானா?"

"இது நான் போட்டதாக்கும் அக்கா."

பொய் என்றேன். சேராங்கொட்டையும் ஊசியும் எடுத்துக் கொடுத்தேன், ஒரு பழந்துணியும். வலது கையால் போட்டான். இரண்டு புள்ளி. கோடு. வால் இடது பக்கம் போயிற்று.

"சதானந்தண்ணன் படிப்பிச்சதாக்கும். அண்ணன் போன பொறவு அவரு வெளுத்த துணியெல்லாம் வெளுக்க எனக்குத் தந்தாங்க. குறிய மாத்தாண்டாம், அப்படியே போடுன்னாங்க."

நான் அவன் போட்ட குறியையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளேயிருந்து அம்மிணி கேட்டாள். "எப்பளாக்கும்?"

எழுபத்தொன்று பிப்ரவரி. காய்ச்சல். மஸ்கட் தாண்டி உடலைக் கடலில் இறக்கினார்களாம். நாலே முக்கால் வருஷம். அப்படியானால் முதல் துண்டு கிடைத்தபோதே அவன் இல்லை.

ஏன் ஒரு கடிதம் இல்லை என்றதற்கு, யோசுவா அழுதான். வேலைக்கு, கப்பல்காரன் என்று சர்க்கார் தருகிற கப்பல் புத்தகம் வேண்டும், தம்பியிடம் இல்லை. யோசுவாவின் அண்ணன் ஞானையன் கடலுக்குப் பயந்து போகாமல் நின்ற ஆள், அவன் புத்தகத்தைக் கொடுத்து அவன் பேரிலேயே தம்பியைச் சேர்த்திருக்கிறார்கள். சாவுச் செய்தி சொன்ன கம்பெனிக் கடிதம் திருப்புறத்துக்குப் போயிருக்கிறது. போலீசுக்குப் பயந்து ஒளித்துவிட்டார்கள்.

அவனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. அம்மிணி அடுப்பை அணைத்தாள். அழவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 12 – புதன்

ஞானையன் வீட்டுக்குப் போனேன். கொட்டிலில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் யார் என்று கேட்காமலே உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்து நீட்டினான். இங்கிலீஷ். அவன் பெண்டாட்டி லூயிசா படித்துச் சொன்னாள்: உங்கள் மகன் ஞானையன் மரித்துவிட்டார், கடலில் அடக்கம் செய்தோம். வாசிக்கும்போது ஞானையன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான், கையில் புல்லோடு.

"நான் நில ஆபீசுல வந்து உள்ளது பறயட்டா அக்கா? போலீசு பிடிச்சா பிடிச்சிட்டுப் போட்டு" என்றான். மூன்று பிள்ளைகள் வாசலில் நின்றன.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்லவள் என்பதால் இல்லை. அவனையும் உள்ளே தள்ளினால் லூயிசா முகத்தில் நான் எப்படி முழிப்பேன், என்னைப் போல ஒருத்தி இன்னொரு வீட்டிலும் உட்கார வேண்டுமா?

நவம்பர் 17 – திங்கள்

ஜெயதாஸைப் பார்த்தேன். கடிதத்தைக் காட்டாமல் ஆள் மரித்துப் போயிற்று என்று மட்டும் சொன்னேன், சொல்ல வாய் வந்தது. ரொம்ப நேரம் ஃபைலைப் புரட்டினார். "இத அன்னைக்குச் சொல்லியிருக்கப்பிடாதா? நானே எழுதித் தந்திருப்பேனே" என்றார். எமர்ஜென்சி வந்த பிறகு தேதி என்றால் தேதிதானாம். நிலத்துக்காரர் பக்கம் உத்தரவு ஆகிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தேன். பொய் என்று நினைத்து நான் எரித்த பாரத்தில் எழுதியிருந்தது ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

டிசம்பர் 6 – சனி

பள்ளிக்கூட சார் வந்தார். பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். ஸ்பூன், தகடு, கிண்ணம், துண்டு எல்லாம். விலை சொல்லுங்கள் என்றார். கொண்டு போங்க சார் என்றேன். எதற்குக் கோபப்படுகிறேன் என்று தெரியாமல் விழித்தார்.

டிசம்பர் 29 – திங்கள்

நிலத்துக்காரரின் ஆட்கள் எங்கள் கூரையைப் பிரித்தார்கள். நாலு பேர், அரை மணி நேரம். முற்றத்துப் பலா மரத்தை வெட்டக் குறி வைத்துவிட்டார்கள். ரப்பர் வைக்கப் போகிறார்களாம்.

ஜனவரி 11, 1976 – ஞாயிறு

பனச்சமூட்டில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கிறோம். சாக்கு அடுக்குகிற அறை, நடுவில் பலகைத் தட்டி. கடைக்காரன் இருமினால் எங்களுக்குக் கேட்கும், நாங்கள் தண்ணீர் மொண்டால் அவனுக்குக் கேட்கும். சத்தம் போடக் கூடாது என்று சொல்லித்தான் தந்தான்.

அம்மிணி தன் அண்ணன் வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு மாதமாக அவள் அழுது நான் பார்க்கவில்லை, கல்லு என்றுகூட நினைத்தேன். நேற்று புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. தொட்டேன். "அழணும் அக்கா" என்றாள். "எங்க இருந்து அழ?"

இன்று விடியற்காலையிலேயே அவளைத் துறைக்குக் கூட்டிப் போனேன். மற்றவர்களும் வந்திருந்தார்கள். அவளைக் கல்லுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, துணி அடிக்கத் தொடங்கினேன். ஓங்கி ஓங்கி அடித்தேன், அவள் சத்தம் யாருக்கும் கேட்காதபடி. அவள் நிறுத்துகிற வரை நிறுத்தவில்லை. வெயில் ஏறிவிட்டது. நான் அடித்தவை எல்லாம் நேற்றே வெளுத்து மடித்து வைத்த துணிகள்.