அரண்மனையில் கேட்ட உங்கள் பெயர்

அன்புள்ள பிளி அர்தானாவுக்கு,

சுகேர்த்தி வணங்கி எழுதுவது. அத்தைக்கு இருமல் குறைந்ததா? மகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

ஞாயிறன்று ஓட்டல் வேலைக்கு எனக்கு விடுமுறை. இங்கே உபுத் ஊர் அரண்மனைக்குப் போனேன். முற்றத்தில் சிறுமிகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்த தேசாக் ராய் என்பவள் என் ஊரை விசாரித்தாள்.

"அங்க அர்தானான்னு ஒருத்தரு மத்தளம் அடிப்பாரே, தெரியுமா?"

"என் வீட்டுக்காரர்தான்."

அவள் முகம் மலர்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அவரு அடிச்சா என் காலு என் பேச்சைக் கேக்காது. இப்பவும் அடிக்கிறாரா?"

கல்யாணமானதிலிருந்து நீங்கள் மத்தளத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கை வலி என்றீர்கள்.

"தினமும் சாயங்காலம் எனக்காக அடிப்பாரு" என்று சொல்லிவிட்டேன். அவள் சிறுமிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு வருத்தமெல்லாம் இல்லை, சும்மா எழுதினேன். வீட்டு மிளகாய்ச் சம்பல் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை. கலுங்கான் பண்டிகைக்கு வருவேன். அதற்குள் மத்தளத்தின் வாரை இழுத்துக் கட்டி வையுங்கள். எனக்கு ஆடத் தெரியாது, உட்கார்ந்து கேட்பேன். ஆனால் அவளுக்கு அடித்த தாளம் வேண்டாம்.

இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுபோகும் வேன் கிளம்புகிறது, முடிக்கிறேன்.

உங்கள்
சுகேர்த்தி