சங்கு கிடந்த இடம்

பியூஃபோர்ட், தென் கரோலினா

என் அன்பு ஐசமுக்கு,

வெர்டெல் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கூரை ஒழுகலை என் தம்பி சரிசெய்துவிட்டான். உங்கள் அக்கா டெம்பிக்கு முழங்கால் வலி. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை நம் கெசயா விளையாடினாள். ஆமாம், வெக்ஸ்ஹாலில்தான். "நம்ம ஆளுங்களை அடிமையா வெச்சுப் புதைச்ச மண்ணுல பந்தடிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் கப்பலேறியதிலிருந்து அவள் உங்கள் பேச்சையே எடுப்பதில்லை. பள்ளிகளின் இறுதிப் போட்டியை அந்தப் பழைய நெல் பண்ணையின் கோல்ஃப் மைதானத்தில் வைத்தால் பிள்ளை என்ன செய்வாள்?

நானும் அக்காவும் போனோம். அக்கா சர்ச்சுக்குப் போடும் பெரிய தொப்பியோடு முன்னால் நின்றாள். பின்னாலிருந்தவர், "அம்மா, தொப்பி மறைக்குது" என்றார். "அப்போ நீ நகரு தம்பி, இது நகராது" என்றாள்.

கடைசிக் குழிக்கு வரும்போது கெசயாவும் ஹோலிஸ் என்ற பெண்ணும் சமநிலை. கெசயா அடித்த பந்து காற்றில் விலகிப் பைன் மரங்களுக்குள் விழுந்தது. பள்ளமாகத் தாழ்ந்த மண். பக்கத்தில் உடைந்த சங்கு. நம்மவர்கள் கல்லறைமேல்தானே சங்கு வைப்பார்கள்! அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றாள்.

நடுவர் வந்து பார்த்தார். "கல்லறைன்னு ஒரு அடையாளமும் இல்லையேம்மா. இருக்கிற இடத்துலேயே அடி. எடுத்து வெளியே வெச்சா அபராதமா உன் கணக்குல ஒரு அடி கூடும்" என்றார்.

"அடையாளம் வைக்க அன்னைக்கு விடலை சார். உள்ளே எங்க ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து பந்தை எடுத்துக்கொண்டாள் உங்கள் மகள்.

குறைந்த அடிகளில் முடிப்பவளுக்குத்தானே கோப்பை; அந்த ஒரே அடியில் அது போயிற்று.

இரண்டாம் பரிசு வாங்கும்போது பேசச் சொன்னார்கள். "என் ஆளுங்க இங்க கூலியில்லாம நெல் விளைய வெச்சாங்க. நான் அவங்களை மிதிக்காம விளையாடினேன். அவ்வளவுதான்" என்றாள். "சொல்லும்மா, இன்னும் சத்தமாச் சொல்லு!" என்று அக்கா கத்தினாள் பாருங்கள், அப்புறம்தான் கைதட்டல் எழுந்தது. கோப்பையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஹோலிஸ் வந்து, அந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். இருவரும் மரங்களுக்குள் போய் வெகுநேரம் நின்றார்கள். கல் நட்டு வேலி போடுவதாக மைதானத்தார் சொல்கிறார்கள். போடட்டும், பார்க்கலாம்.

எனக்குத் தலை நிமிர்ந்தே இருக்கிறது, ஐசம். இவளை நாம்தானே பெற்றோம்!

துறைமுகத்தில் இறங்கியதும் ஃபோன் செய்யுங்கள். மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். அவள்தான் எடுப்பாள். நீங்கள் பெரிதாக எதுவும் பேச வேண்டாம், "மகளே" என்று கூப்பிட்டால் போதும்.

கடல் உங்களைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும்.

உங்கள்,
வெர்டெல்